ஹவில்தார் தாமோதரனின் பதினாறு நாள்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது துறையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள். கல்லூரியில் அரைநாள் பயிலரங்கு நடத்துகிறார்களாம். தலைப்பு, 'வகுப்பறையில் சர்ச்சைக்குரிய விஷயங்களைக் கையாளுதல்'.

"மேடம், எக்ஸ் சர்வீஸ்மேன் ஸ்டூடன்ட்ஸ் பத்தி நீங்க ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசணும். ஸ்லைடு மட்டும் முன்னாடியே அனுப்பிடுங்க."

கூடவே வாட்ஸப்பில் ஒரு படிவம் வந்தது. 'தனிக்கவனம் தேவைப்படும் மாணவர் வகை' என்று ஒரு கட்டம். முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினர், இதர. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று நிரப்ப வேண்டும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் என்று குடோனில் பிரித்து அடுக்குவதுபோல.

எரிச்சலை, பாவம், அந்தப் பெண்மேல்தான் காட்டினேன். அவள் என்ன செய்வாள்? பதினைந்து நிமிடத்தில் ஆகாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். பவர்லூம் சத்தத்தில் படித்து, அரசியல் அறிவியலில் எம்.ஏ., எம்.ஃபில் முடித்து, ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம் அங்கேயே ஓடிவிட்டது. பாடம் நடத்துவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேர்ந்த அன்று சீனியர் ஒருவர், "நோட்ஸ் குடும்மா, எழுதிக்குவாங்க, மணி அடிச்சா வந்துடு" என்றார். அதுதான் என் பயிற்சி. பத்து வருடம் நோட்ஸ் கொடுத்தேன்.

பிறகு எனக்கே அலுத்துவிட்டது. மதிய ஷிப்ட் மாணவர்களுக்குப் புதன்கிழமை கடைசி வகுப்பைக் கலந்துரையாடலுக்கு என்று ஒதுக்கினேன். உள்ளே போனதும், "இன்னைக்கு நியூஸ்ல இன்னா?" என்று கேட்பேன். எதைச் சொல்கிறார்களோ அதைப் பேசுவோம். ஒருமுறை பாலாற்றில் தோல் கழிவு கலப்பது பற்றி ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். பாதி வகுப்பின் அப்பா அம்மாவுக்குச் சோறு போடுவது தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும். மீதிப் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. அன்றைக்கு நடந்த சண்டை வராண்டா வரை கேட்டது. சண்டை போட்டவர்களே மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் எதையும் பேசவைக்கத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவர்கள் அதிகம். பதினைந்து, பதினேழு வருடம் சர்வீஸ் முடித்து, முப்பத்தைந்து நாற்பது வயதில் பென்ஷனோடு ஊருக்கு வருவார்கள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுத டிகிரி வேண்டும் என்று வருடத்துக்கு மூன்று நான்கு பேர் எங்களிடம் சேர்வார்கள். கல்லூரி அவர்களை நடத்திய விதம் இருக்கிறதே! குடியரசு தினத்துக்குக் கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்க அவர்கள் வேண்டும். விளையாட்டு விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர்கள் வேண்டும். மேடையில் பேசுகிறவர் "எல்லைச்சாமிகள்" என்று கைகாட்ட அவர்கள் வேண்டும். மறுநாள் அதே ஆள் பஸ் கிடைக்காமல் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், இருபத்தாறு வயது லெக்சரர் வாசலில் நிறுத்திவைத்து, "மிலிட்டரில இதான் கத்துக்குடுத்தாங்களா?" என்று கேட்பார். இதை நான் பார்த்திருக்கிறேன்.

தாமோதரன் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு. கணியம்பாடி பக்கத்தில் ஒரு கிராமம், கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். பையன்கள் அவரை 'மிலிட்டரி அண்ணா' என்பார்கள். கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில், முதுகைச் சுவரில் ஒட்டியபடிதான் உட்காருவார். அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்லமாட்டார். வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டிருப்பார். பேனாவால் எழுதும் எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத்தான் எழுதுவார்.

ஏன் அரசியல் அறிவியல் எடுத்தீர்கள் என்று முதல் வாரம் கேட்டேன்.

"சும்மா டிகிரிக்குன்னா தமிழே எடுத்திருக்கலாம் மேடம்" என்றார். "எங்களை அங்க போ, இங்க நில்லுன்னு அனுப்புனாங்க இல்ல. அது எங்க, எப்படி முடிவாகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த மாணவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் சில நாள் வரமாட்டார். போன் செய்தால் எடுக்கமாட்டார். நாலு நாள் கழித்து வந்து, "கொஞ்சம் உடம்பு சரியில்ல மேடம்" என்பார். முகத்தைப் பார்த்தாலே தூங்கவில்லை என்று தெரியும். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. அட்டெண்டன்ஸ் குறைகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நான்காவது செமஸ்டரில் ஒரு புதன்கிழமை. அதற்கு முதல் நாள் எல்லையில் ஒரு தாக்குதல் நடந்து சில ஜவான்கள் இறந்திருந்தார்கள். நான் உள்ளே போகும்போதே நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், சத்தத்தோடு. யாரோ எடுத்து, யாரோ பரப்பிய வீடியோ. வையுங்கள் என்று சொன்னேன், வைத்தார்கள். அதோடு விட்டிருக்கவேண்டும். ஆனால் புதன்கிழமை ஆயிற்றே. "சரி, இதையே பேசுவோம்" என்றேன்.

தினேஷ் என்று ஒரு பையன், லாரி வைத்திருப்பவர் மகன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. உடனே திருப்பித் தாக்கவேண்டும் என்றான். இரண்டு பேர் கைதட்டினார்கள். முன் பெஞ்சில் இருந்த நிலோஃபர் கையைத் தூக்கினாள். வாணியம்பாடிப் பெண், அப்பா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டாள். "போர்னு வந்தா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாதாரண ஜனங்கதானே மேடம் சாவாங்க" என்றாள். பாடப்புத்தகத்திலேயே இருக்கும் வாக்கியம்.

தினேஷ் திரும்பி உட்கார்ந்தான். "மேடம், நிலோஃபர் முதல்ல ஒண்ணு சொல்லட்டும். அவங்க ஆளுங்க இதைப் பத்தி இன்னா நினைக்கிறாங்க?"

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கேள்வி தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டால் தணிந்துவிடும் என்று சாமர்த்தியமாக நினைத்தேன். கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

"நம்ம கிளாஸ்ல நேர்ல பார்த்தவர் ஒருத்தர் இருக்காரே. தாமோதரன், நீங்க சொல்லுங்க. உங்க அனுபவத்துல இது எப்படி?"

அவர் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து எவனோ பெஞ்சுக்கு அடியில் வீடியோவை மறுபடி தட்டிவிட்டான். போனிலிருந்து ஒரு ஆள் குரல் வந்தது. தினேஷ் சிரித்துக்கொண்டே, "அண்ணா, நீங்க எத்தனை பேரைப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

"சுப்!"

வாயை மூடு என்று இந்தியில் தாமோதரன் கத்திய சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது என்றால் மிகையில்லை. பரேடு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். நாலு எட்டில் தினேஷ் முன்னால் வந்து, பெஞ்சை ஓங்கி அறைந்தார். பலகை பிளந்தது. பையனைத் தொடவில்லை. அப்படியே ஒரு நொடி நின்றார். தன் கையைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். அவர் நோட்டும் சாப்பாட்டுப் பையும் பெஞ்சிலேயே கிடந்தன.

மறுநாள் காலை தினேஷின் அப்பா நாலு பேரோடு முதல்வர் அறையில் இருந்தார். 'ராணுவத்தில் பயிற்சி பெற்றவர் என் மகனைக் கொல்ல முயன்றார்' என்று புகார்.

எங்கள் முதல்வரைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்ட மனிதர் இல்லை. எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படிப்பார். முதல் முறை விரலை வைத்து, இரண்டாவது முறை சிவப்புப் பென்சிலோடு, மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு. பிறகு நிமிர்ந்து, "இதுக்கு முன்மாதிரி இருக்கா?" என்பார். காகிதம் பறக்கும் என்று அறையில் ஃபேன் போடவிடமாட்டார். வேலூர் மாவட்ட வெயிலில் அந்த அறையில் பத்து நிமிடம் நின்றால் சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொண்டு வெளியே ஓடத்தான் தோன்றும். அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

தாமோதரனைக் கூப்பிட்டு, "என்கொயரி முடியற வரைக்கும் காலேஜுக்கு வரவேணாம்" என்றார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அவர், "எஸ் சார்" என்று திரும்பிப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினேழு வருடம் உத்தரவுக்குப் பழகியவர் வேறென்ன செய்வார்?

என்கொயரி கமிட்டி போட ஒரு வாரம். கமிட்டியில் ஒருவர் பேப்பர் திருத்தப் போய்விட்டார் என்று இன்னும் இரண்டு வாரம். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் விட்டுப்போன நோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு கணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு விறைப்பாக எழுந்து நின்றார். அவர் மனைவி மல்லிகா நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"சாப்பிடுறாரு, மாட்டைப் பாக்குறாரு, எல்லாம் கரெக்டா பண்றாரு மேடம். பேசத்தான் மாட்டேங்கிறாரு" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு பேர் நடுவில் எழுப்பிவிட்டது என் தப்பு என்றேன். அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பையன் கேட்டது பரவால்ல மேடம். ஊர்ல கல்யாணத்துக்குப் போனாகூட அதைத்தான் கேக்குறாங்க. பழகிடுச்சு." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்த வீடியோல ஒருத்தன் இன்னொருத்தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கினே இருக்கான். கேட்டீங்களா? அவன் பதில் சொல்லமாட்டான்னு கூப்பிடுறவனுக்கும் தெரியும். நானும் அப்படி ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கேன். முக்கால் மணி நேரம்."

மல்லிகா சமையலறைக் கதவருகே நின்றுவிட்டாள். அவளும் இதை முதல்முறையாகக் கேட்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

டாக்டரைப் பார்க்கலாமே என்றேன். "பாத்துட்டு எழுதிக் குடுப்பாங்க மேடம், மனசு சரியில்லைன்னு. நாளைக்கு வேலைக்கு வெரிஃபிகேஷன்னு வர்றவன் அதைத்தான் முதல்ல படிப்பான்" என்றார். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்மாதிரி கேட்கிற மனிதர்களோடு நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

என்கொயரி அன்று ஃபேன் இல்லாத அறையில் ஏழு பேர். கமிட்டி உறுப்பினர் ஒருவர், தாமோதரன் இனி வகுப்புக்கு வராமல் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை மட்டும் எழுதலாமே என்றார். இன்னொருவர், மனநலச் சான்றிதழ் கொண்டுவரட்டும் என்றார். வழியில் கிடக்கும் கல்லை யார் நகர்த்துவது என்கிற மாதிரி பேச்சு. நான் நடந்ததை எழுதிக் கொடுத்திருந்தேன். முதல்வர் அதை மூன்று முறை படித்துவிட்டு, "இதுல உங்க தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது ரெக்கார்டுல போகும்" என்று எச்சரித்தார். போகட்டும் என்றேன்.

சாட்சியாக நிலோஃபரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உன்னையும் மிரட்டினாரா என்று கேட்டார்கள்.

"இல்ல சார். எங்க ஆளுங்க இன்னா நினைக்கிறாங்கன்னு என்னைக் கேட்டாங்க. அப்போ யாரும் ஒண்ணும் சொல்லல. மேடமும் சொல்லல. அந்த அண்ணாதான் போதும்னு சொன்னாரு. கத்துனாரு, ஆனா அவர் ஒருத்தர்தான் சொன்னாரு."

அவள் என் பக்கம் பார்க்கவேயில்லை. எனக்கு இத்தனை வருடத்தில் கிடைத்த நல்லாசிரியர் பாராட்டுகளையெல்லாம் அந்த ஒரு நிமிடம் துடைத்துப் போட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தினேஷின் அப்பாவே அதைக் கேட்டு இறங்கி வந்தார். மகனைப் பார்த்து, "அந்தப் பொண்ணை அப்படிக் கேட்டியாடா?" என்றார். அவன் தரையைப் பார்த்தான். புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். பெஞ்சுப் பலகைக்குத் தாமோதரனே ஆணி அடித்துக் கொடுத்தார். எனக்கு ஒரு மெமோ. கலந்துரையாடல் வகுப்பு ரத்து.

முடிந்தது என்று நினைத்தேன். செமஸ்டர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் பட்டியல் ஒட்டினார்கள். தாமோதரன் பெயர் இல்லை. அட்டெண்டன்ஸ் போதாது. ஆபீசில் போய்ப் பார்த்தால், என்கொயரிக்காக வரவேண்டாம் என்று சொன்ன பதினாறு வேலை நாளும் ஆப்சென்ட் என்று குறித்திருக்கிறது.

முதல்வரிடம் ஓடினேன். "நீங்கதானே சார் வரவேணாம்னு சொன்னீங்க?"

"சொன்னேன். வாய்மொழியாச் சொன்னேன். எழுத்துல ஆர்டர் இல்லையே மேடம். எதை வெச்சு பிரசன்ட் போடறது?"

"இப்போ எழுதிக் குடுங்க."

"முன்தேதி போட்டா? அதுக்கு முன்மாதிரி இருக்கா?"

நான் நின்றேன். வேர்த்துக் கொட்டியது. வெளியே ஓடவில்லை. முக்கால் மணி நேரம் நின்று வாதாடினேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், நேரில் போனேன், இரண்டு கவுன்ட்டர் மாற்றி மூன்றாவது கவுன்ட்டரில் ஒரு அம்மாள், "மெடிக்கல் சர்டிபிகேட் வெச்சா கன்சிடர் பண்ணலாம்" என்றாள். எந்தச் சான்றிதழுக்குப் பயந்தாரோ அதையே கேட்கிறார்கள். தாமோதரனிடம் சொன்னபோது அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"வேணாம் மேடம். அந்த செமஸ்டரை மறுபடி படிச்சுக்கறேன்."

அந்த வரியை அவர் சொன்ன தோரணையில் எனக்குத்தான் அழுகை வந்தது. தப்புச் செய்தவள் நான், உத்தரவு போட்டவர் முதல்வர், கேள்வி கேட்டவன் தினேஷ். நாங்கள் மூவரும் அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டோம். அவர் ஒருவர் மட்டும் நின்றுவிட்டார்.

அந்த இடைவெளியில் ஒன்று நல்லதாக நடந்தது. மல்லிகா அவரை விடாமல் இழுத்துக்கொண்டு போய், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் காட்டினாள். சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை, தூக்கம் வரவும் மனம்விட்டுப் பேசவும் மட்டும் போனார்கள். மாதம் இரண்டு முறை அங்கே அவரைப்போல நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவார்களாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. பாடத்திட்டத்தைத் துருவியதில் வெளியுறவுக் கொள்கைத் தாளில் ஐந்தாவது அலகு, 'சமகாலப் பிரச்சினைகள்' என்று இருந்தது. புதன்கிழமை கடைசி வகுப்புக்கு 'அலகு ஐந்து' என்று எழுதி அனுப்பினேன். முதல்வர் மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கலந்துரையாடல் அந்தப் பெயரில் திரும்ப வந்தது.

ஆனால் பழைய மாதிரி நடத்தவில்லை. என்ன பேசப்போகிறோம் என்பதை முதல் நாளே போர்டில் எழுதிவிடுவேன். வர விருப்பமில்லாதவர் வரவேண்டாம், அட்டெண்டன்ஸ் உண்டு. நடுவில் எழுந்து போகிறவரை யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது, நானும் கேட்கமாட்டேன். போனெல்லாம் பைக்குள். எல்லாவற்றையும்விட, 'உங்க ஆளுங்க', 'உங்க ஊர்', 'உங்க அனுபவத்துல' என்று யாரையும் யாருக்காகவும் பதில் சொல்லவைப்பது கிடையாது. அவரவர் கையைத் தூக்கினால் அவரவருக்காகப் பேசலாம். கவிதா, உன் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

தாமோதரன் ஜூனியர்களோடு அந்த செமஸ்டரை மறுபடி படித்தார். பிறகு டிகிரி வாங்கினார், பரீட்சை எழுதினார், இப்போது ஒரு தாலுகா ஆபீசில் உதவியாளராக இருக்கிறார். அவர் திரும்பப் படித்த அந்த செமஸ்டரில், வேறு இரண்டு நாடுகளுக்கு இடையே நடக்கும் போரைப் பற்றி எல்லா டிவியிலும் பேசிக்கொண்டிருந்த ஒரு வாரம். 'போர் எப்போதாவது நியாயமாகுமா?' என்று செவ்வாய்க்கிழமை போர்டில் எழுதினேன். புதன்கிழமை அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். ஒரு மணி நேரம் பேசாமல் கேட்டார். முடியப்போகிற நேரத்தில் கையைத் தூக்கினார்.

"பதினேழு வருஷத்துல யாரும் என்னை இதைக் கேட்டதில்ல மேடம். டக்குனு பதில் வரல. அடுத்த புதன்கிழமை சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த புதன்கிழமை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். எண் போட்டு, பதினோரு குறிப்பு. எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். சில நேரம் நியாயம்தான் என்று வாதாடினார். தான் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கும் 'நான் பார்த்தேன்' என்று சொல்லவில்லை. நூலகத்தில் தேடிப் படித்ததை வைத்து, ஒரு மாணவர் பேசுவதுபோலப் பேசினார். முடித்ததும் கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வரிசையில் ஒல்லியாக ஒரு பையன், மணிகண்டன், எழுந்தான்.

"அண்ணா, நீங்க சொன்னதுல நாலாவது பாயின்ட்டை நான் ஒத்துக்கல."

எழுந்து நடுவில் போய்விடலாமா என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன். தாமோதரன் அவனையே பார்த்தார்.

"சரி. ஏன்னு சொல்லு" என்றார்.

உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் 'ஒன்று' என்று எண் போட்டுவிட்டு, பேனாவோடு அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்தார். மணிகண்டன் பேச ஆரம்பித்தான். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.